ஏரி, சதுப்பு, கழிமுகம் பக்கத்துல ப்ராஜெக்ட் வருதா? நோட்டீஸ், கருத்துக் கேட்பு, பர்மிஷன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீலும் இல்ல, ஆபீசரும் இல்ல. சென்னைக்குத் தெக்க ஒரு ஏரிக்கரை ஓரமா குடியிருக்கிறவன், அவ்வளவுதான். எங்க குடியிருப்போர் சங்கத்துல இந்த நோட்டீஸ் விஷயத்தைப் பாத்துப்பாத்து கொஞ்சம் கத்துக்கிட்டேன், வாட்ஸப்ல திரும்பத் திரும்ப அதே கேள்வி வர்றதால ஒரே இடத்துல எழுதிப் போட்டுடலாம்னு உக்காந்தேன். தமிழ்நாட்டு நிலவரம்தான் எழுதியிருக்கேன், சட்டம் பெரும்பாலும் மத்திய அரசு சட்டம்.

பேப்பர்ல "பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்"னு ஒரு குட்டி விளம்பரம் பாத்தேன். அது எதுக்கு?

2006 செப்டம்பர் 14ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டுச்சு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சுருக்கமா இ.ஐ.ஏ. அறிவிக்கைன்னு சொல்லுவாங்க. துறைமுகம், அனல்மின் நிலையம், சுரங்கம், பெரிய கெமிக்கல் ஃபேக்டரி மாதிரி லிஸ்ட்ல உள்ள வேலைங்க எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும், வாங்குற வழியில ஒரு படி இந்தக் கூட்டம். கம்பெனி ஒரு வரைவு ஆய்வறிக்கை தயார் பண்ணி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கும், வாரியம் தேதி குறிச்சு ஒரு தேசிய நாளிதழ்லயும் ஒரு தமிழ் நாளிதழ்லயும் விளம்பரம் கொடுக்கும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல குறைஞ்சது 30 நாள் இருக்கணும்.

இந்த 30 நாளைத்தான் நாம கோட்டை விடுறோம். எங்க பக்கம் ஒரு தடவை என்னாச்சுன்னா, பக்கத்து வீட்டு அக்கா டீக்கடையில பஜ்ஜி வாங்கிட்டு வந்தாங்க, சுத்தின பேப்பர்ல எண்ணெய் ஊறி எங்க தாலுகா பேரு தெரியுது, பிரிச்சுப் பாத்தா கருத்துக் கேட்பு விளம்பரம். உள்ளங்கை அகலம்கூட இல்ல, ஒரு பக்கம் நினைவஞ்சலி, இன்னொரு பக்கம் ஏல அறிவிப்பு, நடுவுல இது. தேதியைப் பாத்தா 19 நாள் போயாச்சு. மீதி 11 நாள்ல அறிக்கையைத் தேடிப் புடிச்சுப் படிச்சு எழுதின கதை எங்களுக்குத்தான் தெரியும்.

பேப்பர் யாரு சார் வாங்குறா இப்பல்லாம். வேற எங்க பாக்கிறது?

மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட இணையதளத்துல கருத்துக் கேட்புக்குன்னு தனிப் பகுதி இருக்கு, தமிழ்ச் சுருக்கமும் அங்கயே ஏத்துவாங்க. அதோட மத்திய அமைச்சகம் அனுமதி விண்ணப்பங்களுக்குன்னு நடத்துற பரிவேஷ் போர்ட்டல்ல விண்ணப்பம் போட்ட அன்னிக்கே ப்ராஜெக்ட் தெரிய ஆரம்பிச்சுடும், மாவட்டம் பேரு போட்டுத் தேடலாம். மாசம் ஒருக்கா பாத்தாலே போதும், எங்க சங்கத்துல காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட அந்த வேலையை ஒப்படைச்சிருக்கோம், பொண்ணு எங்க எல்லாரையும் விட ஷார்ப்.

பேப்பர் போகாத ஊர்ல தண்டோரா போட்டுச் சொல்லணும்னு அந்த அறிவிக்கையிலயே எழுதியிருக்கு. தமிழ்நாட்டுல 2022ல தண்டோராவே வேணாம்னு அரசு சொல்லிடுச்சு, அது சரியான முடிவுதான், ஆனா அதுக்குப் பதிலா ஆட்டோல மைக் கட்டிச் சொன்னாங்களான்னு கேட்டா பல ஊர்ல பதில் வராது. "எங்க ஊர்ல எந்த வகையிலயும் அறிவிக்கல"ங்கிறது எழுத்துல வைக்க வேண்டிய ஒரு நல்ல பாயின்ட், மறந்துடாதீங்க.

முழு அறிக்கையை எங்க படிக்கலாம்? தர மாட்டேங்கிறாங்களே.

கலெக்டர் ஆபீஸ், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸ், இங்கெல்லாம் பொதுமக்கள் பாக்கிறதுக்கு வரைவு அறிக்கை வெச்சிருக்கணும். போனா "சார் லீவு", "பீரோ சாவி இல்ல"ன்னு ஏதாவது சொல்லுவாங்க. கோவப்படாம அங்கயே ஒரு வெள்ளைப் பேப்பர்ல "இன்ன தேதி, இன்ன நேரம் வந்தேன், அறிக்கை பாக்கக் கிடைக்கல"ன்னு எழுதி தபால் பிரிவுல கொடுத்து சீல் வாங்கிடுங்க. பெரும்பாலும் சீல் விழுந்த பத்தாவது நிமிஷம் சாவி கிடைச்சுடும்.

600 பக்கம் இங்கிலீஷ்ல இருக்கு. எதைப் பாக்கிறது?

எல்லாத்தையும் படிக்க வேணாம். முதல்ல சர்வே நம்பர் பட்டியல். அந்த நம்பர் ஒவ்வொண்ணையும் வருவாய்த்துறை அ-பதிவேட்டுல, அதாவது எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு எழுதியிருக்கிற பதிவேட்டுல போட்டுப் பாருங்க, ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி, நீர்ப்பிடிப்புன்னு ஏதாவது வருதான்னு. அறிக்கையில "தரிசு"ன்னு இருக்கும், பதிவேட்டுல "ஓடை புறம்போக்கு"ன்னு இருக்கும், இந்த ஒரு வித்தியாசம் போதும், நூறு பேரு கத்துறதை விட அது கனமா நிக்கும்.

ரெண்டாவது, எந்த மாசத்துல ஆய்வு பண்ணாங்கன்னு பாருங்க. பொதுவா ஒரே ஒரு சீசன், அதுவும் மழைக்காலம் இல்லாத மூணு மாசம் அளவெடுத்தா போதும்னு விதி. நம்ம ஊருக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர், தண்ணி நிக்கிறது, வெளிநாட்டுப் பறவை வர்றது எல்லாம் அப்பவும் அதுக்கு அடுத்த ரெண்டு மூணு மாசமும்தான். ஏப்ரல், மே மாசம் வந்து பாத்தா எந்தச் சதுப்பும் பொட்டல் காடு மாதிரிதான் தெரியும், மாடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, அதைப் போட்டோ எடுத்து அறிக்கையில ஒட்டிடுவாங்க. உங்ககிட்ட டிசம்பர்ல எடுத்த போட்டோ இருந்தா, தேதியோட பிரிண்ட் போட்டு மனுவோட இணைங்க. 2015 வெள்ளத்துல தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சுன்னு சுவத்துல கறை இருக்கும்ல, அதையும் அளவுகோல் வெச்சு எடுத்துருங்க.

மூணாவது, 10 கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல என்னென்ன இருக்குங்கிற பகுதி. பக்கத்துல இருக்கிற ஏரி, முகத்துவாரம், அலையாத்தி எல்லாம் வரணும். உயிரினப் பட்டியலையும் ஒரு கண்ணு பாருங்க, வேற எங்கயோ மலைப் பக்கத்து அறிக்கையில இருந்து வெட்டி ஒட்டினதா இருந்தா உங்க ஊர்ல யாருமே பாக்காத மரம் செடியெல்லாம் அதுல வளர்ந்து நிக்கும்.

கூட்டத்துல என்ன நடக்கும்? போய் என்ன பண்ணணும்?

பெரும்பாலும் கல்யாண மண்டபம். மேடையில கலெக்டர், இல்லன்னா அவர் சார்பா கூடுதல் மாவட்ட மேஜிஸ்ட்ரேட் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரி உக்காரணும், பக்கத்துல மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி. முதல்ல கம்பெனிக்காரங்க ஸ்லைடு போட்டு விளக்குவாங்க, வேலை வாய்ப்பு, மரம் நடுறது, ஸ்கூலுக்கு பெஞ்சு. அப்புறம் மைக் நமக்கு. இத்தனை பேரு வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு கணக்கு எதுவும் கிடையாது, ஆறு பேரு வந்தாலும் நடத்தி முடிச்சுடலாம், அதனால புறக்கணிக்கிறேன்னு வெளிய நின்னா உள்ள நடந்தது நடந்ததாத்தான் கணக்கு. வந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கேள்வி கேக்க வாய்ப்பு தரணும், முழுசா வீடியோ எடுக்கணும், இது ரெண்டும் விதி.

முக்கியமான கட்டம் கடைசியில வரும். அன்னிக்குப் பேசின எல்லாத்தையும் சுருக்கி எழுதி, முடியறப்ப தமிழ்ல வாசிச்சுக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து. அந்த நேரத்துல மண்டபத்துல யாரும் இருக்க மாட்டாங்க. நான் போன ஒரு கூட்டத்துல சரியா அப்பத்தான் வாசல்ல சாம்பார் சாதப் பொட்டலம் வந்துச்சு, உள்ள இருந்தவங்க பாதிப்பேரு எழுந்து போயிட்டாங்க, மைக்ல கடகடன்னு வாசிச்சுட்டு "எல்லாருக்கும் சம்மதம்தானே"ன்னு முடிச்சாங்க. காலைல ஒரு மீனவப் பெரியவர் அரை மணி நேரம் நின்னு, எந்தப் பக்கம் நீரோட்டம் திரும்புது, எங்க இறால் குஞ்சு ஒதுங்குதுன்னு விரல் விட்டுச் சொன்னாரு, வாசிச்சதுல அது "மீனவர்கள் வாழ்வாதாரம் குறித்துப் பேசினர்"னு ஒரே வரி. நாங்க மூணு பேரு மைக் கேட்டு வாங்கி, அவர் சொன்னதை அப்படியே சேருங்கன்னு நின்னோம், சேத்தாங்க. பசிச்சாலும் அந்த அரை மணி நேரம் உக்காந்துருங்க.

2023 ஜனவரி 31ல கலைவாணர் அரங்கத்துல மெரினா கடலுக்குள்ள வைக்கத் திட்டம் போட்ட பேனா நினைவுச்சின்னத்துக்குக் கூட்டம் நடந்துச்சே, 134 அடி, 81 கோடி, ஞாபகம் இருக்கும். ரெண்டு பக்கமும் அரசியல் கோஷம்தான் டிவில ஓடுச்சு. மீனவர்கள் பேசினது எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் அந்த ஊர் இல்ல. பேசலாமா?

நேர்ல கூட்டம் முக்கியமா அந்தப் பகுதியில பாதிக்கப்படுறவங்களுக்காக. ஆனா ப்ராஜெக்ட்ல நியாயமான அக்கறை உள்ள யாரும் எழுத்துல கருத்து அனுப்பலாம், அதையும் அவங்க சேத்துக்கணும். ஆத்து மேல ஒரு வேலை வந்தா கீழ்ப்பக்கம் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கும் அக்கறை இருக்கும்தானே, அதைச் சொல்லியே எழுதுங்க.

எல்லாரும் வேணாம்னு சொல்லிட்டா நின்னுடுமா?

நிக்காது. இது ஓட்டெடுப்பு இல்லைங்க, நிறைய பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க. கூட்டக் குறிப்பும், நம்ம ஒவ்வொரு கேள்விக்கும் கம்பெனி எழுதின பதிலும் நிபுணர் குழுவுக்குப் போகும், அவங்கதான் பரிந்துரை பண்ணுவாங்க. "வேண்டவே வேண்டாம்"னு 500 பேரு கையெழுத்து போட்டா கம்பெனி பதில் ஒரு பாரா. "சர்வே நம்பர் இன்னது, இந்த வாய்க்கால்தான் எங்க ஏரிக்கு வரத்துக் கால்வாய், நீங்க இதை மூடினா தண்ணி எந்த வழியா வரும்"னு ஒருத்தர் கேட்டா அதுக்கு அவங்க ஒரு பதில் எழுதியே ஆகணும், அந்தப் பதில் தப்பா இருந்தா நாளைக்கு பசுமைத் தீர்ப்பாயத்துல, அதாவது சுற்றுச்சூழல் வழக்குக்குன்னு இருக்கிற கோர்ட்ல, அதையே எடுத்து வைக்கலாம்.

கூட்டமே தள்ளிப் போறதும் நடக்கும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு, 330 ஏக்கர்ல இருந்து 6,111 ஏக்கர்னு திட்டம், 2021 ஜனவரில வெச்ச கூட்டம் கொரோனாவைக் காட்டித் தள்ளிப் போச்சு, 2023 செப்டம்பர்ல மறுபடி தேதி குறிச்சு அதுவும் எதிர்ப்புக்கு நடுவுல தள்ளிப் போச்சு. தள்ளிப் போச்சுன்னா ரத்துன்னு அர்த்தம் இல்ல, கண்ணு அதுமேலயே இருக்கணும்.

எங்க தெருவுக்குப் பின்னாடி சதுப்பு நிலத்தை ஒட்டி 14 மாடி வருது. எங்களை ஏன் யாரும் கூப்பிடல?

இது நல்ல கேள்வி, வயித்தெரிச்சலான பதில். கட்டடங்களுக்கு கருத்துக் கேட்பே கிடையாது. 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டினா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், ஆனா 2006 அறிவிக்கையிலயே கட்டடம், டவுன்ஷிப் ரெண்டுக்கும் பொதுமக்களைக் கேக்கத் தேவையில்லன்னு விலக்கு கொடுத்துட்டாங்க. 20,000க்குக் கீழன்னா அந்த அனுமதியும் வேணாம், லோக்கல் ப்ளான் அப்ரூவலோட சரி. பள்ளிக்கரணையை எடுத்துக்கோங்க, ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல விரிஞ்சு கிடந்த கழுவெளி, இன்னிக்கு மிச்சம் எவ்வளவுன்னு வேளச்சேரி பாலத்து மேல நின்னு பாத்தாலே தெரியும். குப்பைக் கிடங்கு, ரோடு, ரயில், கல்வி நிறுவனம், ஐடி ஆபீஸ், அபார்ட்மென்ட்னு துண்டு துண்டா போச்சு, அபார்ட்மென்ட் துண்டுகளுக்கு ஒரு கல்யாண மண்டபத்துலயும் ஒரு மைக்கும் நீட்டப்படல.

அதுக்காக வழியே இல்லைன்னு இல்ல. பெரிய கட்டட விண்ணப்பம் மாநில நிபுணர் குழு முன்னாடி வரும், அஜெண்டா, மினிட்ஸ் எல்லாம் பரிவேஷ்ல வரும், வர்றதுக்கு முன்னாடியே நீங்க எழுத்துல ஆட்சேபம் அனுப்பலாம். கூப்பிட மாட்டாங்க, ஆனா கோப்புல இருக்கும். அதே மாதிரி நில வகைப்பாடு மாத்துறதுக்கு, அதாவது விவசாயம்னு இருக்கிறதைக் குடியிருப்புன்னு மாத்துறதுக்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதான் சிஎம்டிஏ, பேப்பர்ல விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேக்கும், கடைசித் தேதி அதுலயே இருக்கும். என்னைக் கேட்டா ஏரி பக்கத்து ஆளுங்களுக்கு இந்த விளம்பரம்தான் ரொம்ப முக்கியம், கட்டடம் எழும்பறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே வர்ற மணியோசை இது.

பள்ளிக்கரணை ராம்சார் தளம்னு சொல்றாங்களே, அப்ப பக்கத்துல கட்ட முடியாதா?

1971ல ஈரான்ல ராம்சார்ங்கிற ஊர்ல போட்ட சர்வதேச ஒப்பந்தம், அதுல சேத்த சதுப்பு நிலங்கள் ராம்சார் தளம். தமிழ்நாட்டுல 2002ல கோடியக்கரைல ஆரம்பிச்சு 2025 தொடக்கத்துல 20 ஆச்சு, இந்தியாவுலயே நம்மகிட்டதான் அதிகம். பள்ளிக்கரணை 2022ல சேந்துச்சு, 1,247.54 ஹெக்டேர். எண்ணிக்கையைப் பாத்துப் பெருமைப்படலாம், ஆனா எல்லைக்கோடு தரையில எங்க ஓடுது, அதைச் சுத்தி எவ்வளவு தூரம் தாக்கம் உள்ள பகுதிங்கிறதை ஒழுங்கா அளந்து மேப் போடாத வரைக்கும் ப்ளான் அப்ரூவ் பண்றவங்க மேஜைக்கு அது வராது. அதனாலதான் 2025 செப்டம்பர்ல தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம் ராம்சார் எல்லைக்குள்ளயும் அதைச் சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ளயும் புதுசா கட்டட அனுமதி தர வேணாம்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. ஏற்கெனவே லோன் போட்டு ஃப்ளாட் புக் பண்ணவங்க நிலைமை பாவம்தான், அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.

எங்க ஊர் ஏரி "ஈரநிலம்"தானே? 2017 விதி பாதுகாக்கும்ல?

இங்கதான் ஒரு பொடி வெச்சிருக்காங்க. 2017 ஈரநில விதிகள்ல ஈரநிலத்துல ஆக்கிரமிப்பு கூடாது, புதுசா தொழிற்சாலை கூடாது, குப்பை கொட்டக் கூடாது, கடந்த பத்து வருஷ சராசரி உயர் வெள்ள மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாதுன்னு அழகா இருக்கு. ஆனா வரையறையிலயே ஆத்துத் தடம், நெல் வயல், குடிதண்ணிக்கும் பாசனத்துக்கும்னு மனுஷன் வெட்டின நீர்நிலை, உப்பளம் இதெல்லாம் சேராதுன்னு வெளிய தள்ளிட்டாங்க. நம்ம ஏரி எல்லாம் நம்ம முன்னோர் பாசனத்துக்கு வெட்டினது, கரை கட்டி, மதகு வெச்சு, மிச்சத் தண்ணி வழியறதுக்குக் கலங்கல் வெச்சு. அதாவது நம்ம ஊர்ல ஈரமா இருக்கிறதுல பெரும்பகுதி அந்த விதிப்படி ஈரநிலம் இல்ல!

அப்ப ஏரிக்கு எது காப்பு? 2007 தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கு, நீர்வளத்துறை ஏரிகளை அளந்து எல்லை போட்டு ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் கொடுத்து எடுக்கச் சொல்லுது. அதோட 2017ல உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் மூலமா அடையாளம் கண்ட 2,01,503 ஈரநிலங்களை அப்ப இருந்த 2010 ஈரநில விதியோட கொள்கைப்படி பாதுகாக்கணும்னு சொல்லியிருக்கு, உங்க நீர்நிலை அந்தப் பட்டியல்ல இருந்தா மனுவுல அதைக் கட்டாயம் எழுதுங்க.

இன்னொண்ணு, ஒரு இடத்தை ஈரநிலம்னு அறிவிக்கிறதுக்கும் வரைவு வெளியிட்டு 60 நாள் கருத்துக் கேக்கணும். எதிர்ப்பு எழுத மட்டும்தான் நாம பேனாவை எடுக்கிறோம், ஒரு நல்ல காரியத்துக்கு ஆதரவா ரெண்டு வரி எழுதுறதில்ல. ரியல் எஸ்டேட்காரங்க மட்டும் தவறாம எழுதுவாங்க.

கடலோரம், கழிமுகம்னா?

சி.ஆர்.இசட்., கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் இதுல வரும், அதோட ஓதம் ஏறி இறங்குற ஆறு, கழி ஓரமும் வரும். 2011 அறிவிக்கையில கரையில இருந்து 100 மீட்டர் இல்லன்னா கழியோட அகலம், எது குறைவோ அது, 2019ல அந்த 100ஐ 50 ஆக்கிட்டாங்க. அதனால ஆபீசர்கிட்ட முதல் கேள்வியே "எந்த வருஷத்து அறிவிக்கைப்படி போட்ட மேப்பை வெச்சுப் பேசுறீங்க"ன்னு இருக்கட்டும்.

மேப் விஷயத்துல ஏமாறாம இருங்க. எண்ணூர் கதை தெரியும்ல, 1996ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்துல இருந்த கழிமுகம், பின்னாடி காட்டின இன்னொரு வரைபடத்துல காணோம், கிணத்தைக் காணோம்ங்கிற மாதிரி. ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டுத்தான் 2017ல அது வெளிய வந்துச்சு. 2023ல புது வரைவு மேப்புக்கு கடலோர மாவட்டங்கள்ல கூட்டம் வெச்சப்ப மீனவர்கள் சொன்ன புகாரும் அதேதான், எங்க ஊரைக் காணோம், வலை காயப்போடுற இடத்தைக் காணோம், படகு ஏத்துற இடத்தைக் காணோம். மேப்ல இல்லாத இடத்துக்கு நாளைக்கு ஒரு ப்ராஜெக்ட் வந்தா நோட்டீஸ்ல உங்க பேரே வராது.

கையில பட்டா இருக்கு, பதிவும் ஆயிருக்கு. அப்ப அது நீர்நிலை இல்லதானே?

அப்படி நம்பி வாங்கி முழி பிதுங்கி நிக்கிற குடும்பம் எத்தனையோ. பட்டாவைத் தாண்டி பழைய அ-பதிவேடு, புல வரைபடம், கிராம வரைபடம் மூணையும் பாருங்க. பழைய பதிவேட்டுல நீர்நிலைன்னு இருந்தா நடுவுல யாரோ மாத்திக் கொடுத்த பட்டா கோர்ட்ல நிக்கிறது கஷ்டம். ஏரி, கால்வாய் பக்கத்து மனைக்கு நீர்வளத்துறையோட தடையின்மைச் சான்று கேப்பாங்க, வெள்ள மட்டத்தைப் பொறுத்து இத்தனை அடி உயர்த்தணும், கால்வாய்க்கு இவ்வளவு இடம் விடணும்னு அதுல நிபந்தனை இருக்கும். ப்ரோக்கர் சான்றோட முதல் பக்கத்தை மட்டும் காட்டுவாரு, நிபந்தனை ரெண்டாவது பக்கத்துல இருக்கும்.

அரசாங்கமே பண்ற திட்டம்னா?

அதே இ.ஐ.ஏ., அதே கூட்டம். கூடவே 2023ல வந்த தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 100 ஹெக்டேருக்குக் குறையாத, உள்ள நீர்நிலை இருக்கிற சிறப்புத் திட்டங்களுக்கு அந்த நிலத்தையெல்லாம் ஒண்ணா சேத்து வாங்க வழி பண்ணுது, நடுவுல நிபுணர் குழு, மக்கள் கருத்துன்னு ஒரு கட்டம் உண்டு. எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கல, ஏரியை லேஅவுட்ல ஒரு நீலக் கட்டமா பாக்கிற சட்டம். ஆனா பிடிக்கலைங்கிறதுக்காக அந்தக் கருத்துக் கட்டத்தை விட்டுடாதீங்க.

கிராம சபை தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கா?

அதை வெச்சு மட்டும் தடுக்க முடியாது, ஆனா சாட்சியா நல்லா நிக்கும். வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது, மார்ச் 22 உலக தண்ணீர் தினமும் அதுல ஒண்ணு. தீர்மானத்துல ஏரி பேரு, சர்வே நம்பர், பாசனப் பரப்பு எழுதி, பதிவேட்டுப் பக்கத்தைச் செல்லுல போட்டோ எடுத்துட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பணும்.

அனுமதி கொடுத்துட்டாங்க. முடிஞ்சுதா?

முடியல, ஆனா கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடுச்சு. பசுமைத் தீர்ப்பாயத்துல மேல்முறையீடு 30 நாளைக்குள்ள, தக்க காரணம் காட்டினா இன்னும் 60 நாள், ஆகமொத்தம் 90க்கு மேல ஒரு நாள்கூட கிடையாது. அனுமதி கிடைச்ச விஷயத்தை கம்பெனி ரெண்டு லோக்கல் பேப்பர்ல விளம்பரம் பண்ணணும், அமைச்சகம் இணையதளத்துல போடும், இதுல முதல்ல எது வெளியாச்சோ அன்னில இருந்து எண்ணிக்கோங்க, அதுதான் பாதுகாப்பு. தென்மண்டல அமர்வு சென்னையிலயே இருக்கு. நஷ்டஈடு கேக்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

தடுக்க முடியலைன்னாலும் நிபந்தனைகளைப் புடிச்சுக்கோங்க. அனுமதிக் கடிதத்துல 40, 50 நிபந்தனை இருக்கும், ஓடையைத் தொடக் கூடாது, கழிவுநீரை வெளிய விடக் கூடாதுன்னு. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1ல கம்பெனி இணக்க அறிக்கை கொடுத்தாகணும். அதுல "ஓடை பாதுகாக்கப்பட்டுள்ளது"ன்னு இருக்கும், நீங்க அதே ஓடையை அன்னிக்கே போட்டோ எடுத்து பக்கத்துல வெச்சு அனுப்புங்க.

அனுமதியே வாங்காம கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாமாமே?

2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் அப்படிப் பின்னாடி தர்றது கூடவே கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதே வருஷம் நவம்பர்ல மூணு நீதிபதி அமர்வு ரெண்டுக்கு ஒண்ணுன்னு அந்தத் தீர்ப்பைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அதனால "இல்லாம கட்டினா இடிச்சுடுவாங்க"ன்னு நம்பி சும்மா இருக்காதீங்க.

ராத்திரியோட ராத்திரியா ஏரில மண்ணு கொட்டுறாங்க. யார்கிட்ட சொல்றது?

அந்த நேரத்துல 100க்குப் போன் பண்ணுங்க, வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் லொகேஷனோட மெசேஜ் போடுங்க, லாரி நம்பர் தெரியுற மாதிரி தூரத்துல இருந்து படம் எடுங்க, பக்கத்துல போய் சண்டை போடாதீங்க, வேணவே வேணாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு, ரசீது. கலங்கல் பக்கம் கட்டட இடிபாடு கொட்டி மூடினதை எங்க ஊர்ல ஒரு டிசம்பர்லதான் கண்டுபிடிச்சோம், தண்ணி வழக்கமா வழியற இடத்துல வழியாம தெருவுல வழிஞ்சப்ப. தீர்ப்பாயத்துக்குப் போறதா இருந்தா பிரச்சனை முதல்ல எழுந்த தேதியில இருந்து 6 மாசம், அதனால முதல் போட்டோவோட தேதி முக்கியம்.

ஆர்டிஐ எப்படிப் போடணும்? மனு எப்படி எழுதணும்?

ஆர்டிஐக்கு 10 ரூபாய், 30 நாள்ல பதில். "ஏன் அனுமதி கொடுத்தீங்க"ன்னு கேட்டா பதில் வராது. "சர்வே நம்பர் இன்னதுக்கு வழங்கிய தடையின்மைச் சான்றின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல், இணைப்பு வரைபடத்தின் நகல்"னு காகிதத்தைக் கேளுங்க.

மனு ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். நான் யாரு, எந்த ஊரு, நோட்டீஸ் தேதி என்ன, எந்த சர்வே நம்பர், என்ன கேக்கிறேன். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒரு நகல். நேர்ல கொடுத்தா சீலும் தேதியும் வாங்கணும், வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை மனுவோட பின்பக்கத்துலயே ஒட்டிடுங்க, அந்த ரசீது ஆறு மாசத்துல வெளுத்து எழுத்தே தெரியாமப் போயிடும், அன்னிக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க.